தனி எர்த்

கம்பம் அவளை முதல்முதலாகக் கடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பள்ளிச் சீருடைக்கு வந்த துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துச் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கால்சட்டை முழங்காலுக்கு ஏறிவிடும், தைத்தவளுக்குத்தான் திட்டு. நீலத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வீட்டின் பின்பக்கம் போனாள். துணி காயப்போடும் கம்பி ஒரு முனையில் சுவர்க் கொக்கியிலும் மறுமுனையில் கணவனின் ஏரியல் கம்பத்திலும் கட்டியிருந்தது. ஈரத்துணியை அதன்மேல் வீசியதும் முழங்கை வரைக்கும் சுள்ளென்று ஏறியது. துணியை விட்டுவிட்டுக் கையை உதறினாள். குளவியோ என்று பார்த்தாள், ஒன்றையும் காணோம். மறுபடி தொட்டாள், மறுபடி ஏறியது.

அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. அவளுடைய அண்ணன் ஒரு நெசவு மில்லில் வயர்மேன். சின்ன வயதில் அவன் கழற்றிப் போட்ட பழைய சுவிட்சுகள்தான் அவளுக்கு விளையாட்டுச் சாமான். ஷாக் அடித்தால் எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் எதற்கு என்ன பெயர் என்று முடிவு செய்கிறவள் அவள் இல்லை.

முடிவு செய்கிறவன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுத்தர். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை யார் யாருடைய வீட்டுப் பத்திரத்தையோ பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். அங்கே அவனை ஒருவரும் மதிப்பதில்லை. அந்தக் குறையை வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வான். பின்பக்கத்துச் சாமான் அறையைக் காலிசெய்து, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருந்தான். உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். கல்யாணப் படம் அதற்குக் கீழே, அதைவிடச் சின்னதாக, கொஞ்சம் சாய்ந்து தொங்கியது.

தினமும் மாலை ஆறரைக்கு ரேடியோ நண்பர்கள் ஒரே அலைவரிசையில் கூடி முறைவைத்துப் பேசுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், எல்லாருக்கும் வாத்தியார். அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, ஸ்பீக்கரில் வரும் குரல்தான் தெரியும். அந்தக் குரல் 'நல்லாக் கேக்குது' என்று சொன்னால் அன்றைக்குக் கணவனுக்குச் சோறு இறங்கும். சொல்லாவிட்டால் அவளுக்கு இறங்காது.

போன வருடம் முழுக்க நல்லாக் கேட்கவில்லை. அவன் பேச்சுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொண்டே போனது. வாத்தியார் அவனுக்கு வண்டு என்று பெயர் வைத்தார். "வண்டு வந்தாச்சு, எல்லாரும் ஜன்னலைச் சாத்துங்க" என்பார், நாலு குரல் சிரிக்கும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். பிறகு மைக்கை வைத்துவிட்டு எழுந்து வந்து, உன் மெஷின் சத்தம்தான் உள்ளே புகுந்து மானத்தை வாங்குகிறது என்று அவள்மேல் பாய்வான். காலால் மிதிக்கிற தையல் மெஷின் அது. அவள் அதை முன்னறைக்கு நகர்த்தினாள். மாலையில் தைப்பதையே விட்டாள். வண்டு போகவில்லை.

விஷயம் அத்தனை பெரியதும் இல்லை. ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை அவனே செய்திருந்தான்: இரும்புப் பெட்டி, உள்ளே செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வீட்டு எர்த் அதன் மூன்று முள் பிளக் வழியாக வந்துகொண்டிருந்தது. அது போதாதென்று ஏரியல் கம்பத்தடியில் ஓர் இரும்புக் குழாயை மண்ணில் அடித்து ரேடியோவுக்கென்று தனி எர்த் போட்டிருந்தான். ஒரே வீட்டில் இரண்டு எர்த், நடுவில் இணைப்புக் கிடையாது. அந்தப் பிணக்குத்தான் செட்டுக்குள் புகுந்து இரைந்தது. இரண்டையும் ஒரு கனமான செம்புக் கம்பியால் சேர்த்துவிட்டால் இரைச்சலும் போகும், ஆபத்தும் போகும் என்று அண்ணன் அப்போதே சொன்னான்.

"ரேடியோ எர்த் தனி, கரண்ட் எர்த் தனி. ரெண்டையும் கலக்கவே கூடாது. இது ஃபேன் மாட்டுற வேலை இல்ல மச்சான்," என்றான் கணவன். அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரமே கணவன் பிளக்கைத் திறந்து, பச்சை நிற எர்த் கம்பியை நறுக்கென்று வெட்டி எறிந்தான். இரைச்சல் நின்றது. அன்று மாலை வாத்தியார், வண்டு செத்துப்போச்சு போலிருக்கே என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மகிழ்ச்சியிலேயே இன்னொரு காரியமும் செய்தான். மின்சாரம் எங்காவது கசிந்தால் தானாக விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றை, அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அண்ணன் வாங்கிவந்து மாட்டியிருந்தான். ரேடியோவில் பேசும்போதெல்லாம் அது சில சமயம் விழுந்து தொல்லை கொடுத்தது. அதன் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு அதன் வாயை அடைத்தான். இனி அந்த வீட்டில் எதுவும் விழாது, மனிதர்களைத் தவிர.

அதனால் கம்பம் கடிக்கிறது என்று அவள் வந்து சொன்னபோது அவனிடம் பதில் தயாராக இருந்தது.

"அது ரேடியோ அலை. நான் பேசும்போது இரும்பைத் தொட்டா அப்படித்தான் கடிக்கும். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். ஆளைக் கொல்லாது."

"நீங்க அப்ப ஆபீஸ்ல இருந்தீங்க."

செவ்வாய்க்கிழமை எது ஞாயிற்றுக்கிழமை எது என்று உனக்கு என்றைக்குத் தெரிந்தது என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனான். ரேடியோ அலை கடிக்கும் என்பது உண்மை. செட்டில் பேசுகிறவர்கள் விரல் நுனியில் அதை வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் பேசினால்தான் அலை. அவனோ, சூடு ஆறினால் அலைவரிசை நகர்ந்துவிடும் என்று பெட்டியைக் காலையிலேயே போட்டுவிட்டு ஆபீஸ் போகிறவன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கம்பியின் காப்புறை உரிந்து, மின்சாரம் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து ஏரியல் கேபிள் வழியாகக் கம்பத்துக்கும் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த மண்ணில் அடித்த குழாயால் அதை விழுங்க முடியவில்லை. மின்சாரம் வெளியே போக வழி தேடி நின்றுகொண்டிருந்தது.

மெஷின் டிராயரில் அண்ணன் விட்டுப்போன பழைய டெஸ்டர் ஒன்று கிடந்தது. மறுநாள் பகலில் அதைக் கம்பத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக எரிந்தது. மாலையில் கணவனைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஏரியல் பக்கத்தில் டெஸ்டர் எரியத்தான் செய்யும், டியூப்லைட்டே எரியும் என்றான். ஆபீஸிலிருந்து வந்த கோலத்தில் ரப்பர் அடிப்பாகம் வைத்த பூட்ஸோடு நின்றவன் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எங்கே கடிக்கிறது, எங்கே என்று கேட்டான். பிறகு அவளைத் தொடச் சொன்னான். அவள் வெறுங்காலோடு நின்றாள். வேண்டாம் என்றாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விரலைக் கம்பத்தில் வைத்தான். அவள் துள்ளி விழுந்தாள்.

"நடிக்காத," என்றான்.

அன்று நெட்டில் அவன் அதைக் கதையாகச் சொன்னான். எங்க வீட்டம்மாவைக் கம்பம் கடிக்குதாம் என்றதும் ஸ்பீக்கர் நிறையச் சிரிப்பு. கம்பத்துக்கும் ரசனை இருக்கு போல என்றார் வாத்தியார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கூசிப்போனாள். முகம் தெரியாத ஏழெட்டு ஆண்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. மறுநாள் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டாள். கடி செருப்பையும் மீறி லேசாக ஏறியது, வாரத்துக்கு வாரம் கூடியது. ஒரு மழைக்கு மறுநாள் கம்பத்தடியில் ஒரு பூனை விறைத்துக் கிடந்தது. எலிமருந்தைத் தின்றிருக்கும் என்று கணவன் சொன்னான். அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அடுத்தது பூனையாக இருக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். இருபத்திரண்டு வருடத் தறிச் சத்தம் அவன் காதைத் தின்றிருந்தது. தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகப் பேசினால்தான் புரியும். அதனாலோ என்னவோ அவனும் அதிகம் பேசமாட்டான். டெஸ்டரை அவன் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு பல்பில் இரண்டு நீளக் கம்பிகளை மாட்டி, ஒன்றைச் சுவரோரம் இருந்த வீட்டு எர்த்திலும் மற்றதைக் கம்பத்திலும் வைத்தான். பல்பு எரிந்தது. ரேடியோவில் யாரும் பேசவில்லை. கணவன் அவர்கள் பக்கத்தில்தான் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"மாப்பிள்ளை, இது அலை இல்ல. லைன் கரண்ட்," என்றான் அண்ணன்.

பல்பைப் பார்த்த பிறகு அலை என்று சொல்லக் கணவனுக்கு நா வரவில்லை. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்றான். அன்று நாலு மணிக்கு நெட்டின் இருபதாம் ஆண்டுக் கூட்டம். முதல் ஒரு மணி நேரத்தை நடத்தும் பொறுப்பை வாத்தியார் அவனுக்குக் கொடுத்திருந்தார். வண்டாக இருந்தவனுக்குத் தலைவர் நாற்காலி. நாலு பக்கம் வரவேற்புரை எழுதி, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாளாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை இப்படியே விட்டுட்டுப் போனேன்னா, அடுத்த தடவை என் தங்கச்சியைத் தூக்கத்தான் வரணும். ரெண்டு எர்த்தையும் சேர்க்காம இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்," என்றான் அண்ணன். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

கணவன் நிபந்தனை போட்டான். வேலை மூன்றே முக்காலுக்குள் முடிய வேண்டும். செட்டின் பக்கம் யாரும் போகக் கூடாது, அலைவரிசை சரிசெய்து வைத்திருக்கிறது. பிளக்கையாவது கழற்றி வைத்துவிடுகிறேன் என்று அண்ணன் கேட்டான். கணவன் ரேடியோ அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெளியே உள்ள வேலையை வெளியே பாருங்க என்றான். அண்ணன் அதோடு விட்டுவிட்டான். நேராக முன்னறைக்குப் போய், மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் கரி. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. தங்கையின் கையைப் பிடித்து அதில் கட்டையை வைத்து மூடினான்.

"இது உன் பையில இருக்கட்டும். நான் வந்து என் வாயால சொல்ற வரைக்கும், யார் கேட்டாலும் கொடுக்காத."

மில்லில் அவர்களுக்கு அதுதான் முறை. சுவிட்சை நம்பமாட்டார்கள், போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். கட்டையைப் பிடுங்கி, நம்பிக்கையான ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவன் உயிர் எத்தனையோ பேர் பையில் இருந்திருக்கிறது. அவர்களில் சிலருக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. அவன் சொல்லாமல் ஒருத்தரும் கட்டையைக் கொடுத்ததில்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த தையல் பையில், சாக்கட்டிக்கும் இஞ்சு டேப்புக்கும் நடுவில் கட்டையைப் போட்டுக்கொண்டாள். மீட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

மண் இறுகிக் கிடந்தது. சுவரோரத்திலிருந்து கம்பம் வரைக்கும் பன்னிரண்டு அடிக்குப் பள்ளம் தோண்டிச் செம்புக் கம்பியைப் புதைக்க வேண்டும். கடப்பாரை கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றரை ஆனது. மூன்று நாற்பது ஆனது. கணவன் வரவேற்புரையைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கும் பின்வாசலுக்குமாக நடந்தான். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடப்பாரைச் சத்தம் நின்றது. அவன் பின்வாசல் படி வரைக்கும் போனான். கூட்டத்துக்கென்று போட்டிருந்த பூட்ஸில் மண் படும் என்று கீழே இறங்கவில்லை. பள்ளம் மூடியிருந்தது. மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் அவன் பார்த்தது. கம்பத்தடியில் கடைசி போல்ட் இன்னும் மாட்டவில்லை என்பதைப் பார்க்க நாலு அடி நடந்திருக்க வேண்டும்.

"முடிஞ்சுது. கட்டையைக் கொடு," என்றான் திரும்பி வந்து.

"அண்ணன் சொன்னானா?"

"சொன்னான்."

ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அவன் வழியை மறித்துக்கொண்டு நின்றான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"புருஷன் சொன்னது பொய்யா இல்லையான்னு அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரப் போறியா?"

அவள் நின்ற இடத்திலிருந்தே அண்ணா என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை, சத்தமாக, கூப்பிட்டாள். பின்பக்கத்திலிருந்து பதில் இல்லை. செவிடனை இங்கேயிருந்து கூப்பிட்டால் கேட்குமா என்று அவன் கையை நீட்டினான். ஒன்பது வருடமாக அந்தக் கை நீண்டால் கேட்டதைக் கொடுத்துப் பழகியவள். கொடுக்காத நாட்களின் சாயங்காலங்கள் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மனசு வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டது. கை அது பாட்டுக்குப் பைக்குள் போனது. சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்த பீங்கானை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் ஆளாக அவள் கொடுத்தாள்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவன் ரேடியோ அறைக்கு ஓடினான், பூட்டைத் திறந்தான், தொண்டையைச் செருமினான், தண்ணி என்று கத்தினான். அவள் பின்வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவள், அந்தக் கத்தலுக்குத் திரும்பினாள். பானையில் மொண்டு கொண்டுபோய் மேசையில் வைத்தாள். நண்பர்களே, இருபது ஆண்டுகளுக்கு முன்பு என்று அவன் தொடங்கியிருந்தான். முதல் பக்கம் முடிந்ததும் வாத்தியாரின் குரல் வந்தது. பிரமாதம், துளி இரைச்சல் இல்ல, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு என்றது.

அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் பின்பக்கம் போனாள். அண்ணனிடம் சொல்லலாம் என்றுகூட நினைத்தாள், நீ சொன்ன மாதிரியே ஆச்சு, வண்டு வரவில்லை என்று.

அண்ணன் கம்பத்தடியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டு எர்த்திலிருந்து வந்த செம்புக் கம்பி ஒரு கையில். மற்றக் கை ரேடியோ எர்த்தின் குழாயைப் பிடித்திருந்தது. போல்ட்டை மாட்டப்போன கை. நெற்றி கம்பத்தில் சாய்ந்திருந்தது. எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறவனைப் போலத்தான் இருந்தான். கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. தொடக் கூடாது என்பதும் நினைவிருந்தது. உள்ளே ஓடிக் கட்டையைப் பிடுங்கினாள். நண்பர்களே என்ற சொல் பாதியில் அறுந்தது.

"எவடி அது?" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

இரண்டு எர்த்தையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அண்ணன். வரவேற்புரையின் முதல் பக்கம் முடிந்து அடுத்த பக்கம் ஓடிய நேரம் முழுக்க அவன் உடம்புதான் அவற்றைச் சேர்த்துவைத்திருந்தது. வைத்தியர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

மூன்றாம் நாள் மின்துறை ஆய்வாளர் ஒருவர் வந்தார். கட்டை யாரிடம் இருந்தது என்று கேட்டார். என்னிடம் என்றாள். யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றாள். இவர் முடிந்துவிட்டது என்று சொன்னார் என்றும் சொன்னாள். ஆய்வாளர் கணவனைப் பார்த்தார்.

"முடிஞ்ச மாதிரி இருக்குன்னுதான் சார் சொன்னேன். கட்டை அவ கையில இருந்தது. அவ அண்ணன் அவளை நம்பித்தானே கொடுத்தார்," என்றான் கணவன். குரலில் வருத்தம் இருந்தது. மைக்கில் பேசிப் பழகிய குரல், வேண்டியதை வேண்டிய அளவுக்கு வைக்கத் தெரியும்.

குடும்பத்தாரின் கவனக் குறைவு என்று அறிக்கையில் எழுதப்பட்டது. வெட்டிய பச்சைக் கம்பியைப் பற்றியும், வாய் அடைக்கப்பட்ட சுவிட்சைப் பற்றியும் சரிசெய்ய அறிவுறுத்தப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அண்ணி வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. நீயா எடுத்துக் கொடுத்தாய் என்று ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம் அண்ணி என்றாள் இவள். அண்ணி தலையை ஆட்டிவிட்டுப் போனவள்தான், அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

ஆய்வாளரோடு வந்த ஆள் கம்பத்தடியில் குனிந்து, அண்ணன் விட்ட போல்ட்டை மாட்டி முடுக்கினான். நாலு சுற்றுதான் பாக்கி இருந்தது. பிளக்கில் பச்சைக் கம்பி திரும்ப வந்தது. கணவன் புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டான். இரண்டு எர்த்தும் இப்போது ஒன்று. கலந்தால் இரையும் என்று அவன் அடித்துச் சொன்ன இரைச்சல் வரவே இல்லை. கம்பத்தை எப்போது தொட்டாலும் வெறும் இரும்பாகக் குளிர்ந்தது. அவள் தினமும் தொட்டுப் பார்த்தாள். கடிக்காதா என்று ஏங்கித்தான் தொட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கணவன் மறுபடி நெட்டில் உட்கார்ந்தான். அவள் முன்னறையில் மெஷினில் இருந்தாள். வாத்தியார் ஆறுதல் சொன்னார், மற்றவர்களும் முறைவைத்துச் சொன்னார்கள். தொழில்காரர்தான், ஆனா அவசரம், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கலை என்றான் கணவன். மெஷின் மிதியில் இருந்த அவள் கால் நின்றது. பிறகு அவன், குறிப்பு நோட்டை எடுத்து வருகிறேன், ஒரு நிமிடம் என்று மைக்கை வைத்துவிட்டுப் படுக்கை அறைக்குப் போனான்.

அவள் எழுந்து ரேடியோ அறைக்குள் போனாள். மைக்கை எடுத்தாள். அதன் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் பேசலாம் என்பது ஒன்பது வருடமாகப் பார்த்தது.

"செத்துப்போனவரோட தங்கச்சி பேசுறேன். எங்கண்ணன் அவசரப்படல. வேலை முடியல, கட்டையைப் போடச் சொல்லவும் இல்ல. அண்ணன் சொன்னான்னு இவர் பொய் சொன்னாரு, நான் நம்பிக் கொடுத்துட்டேன். நீங்க பிரமாதம்னு சொன்னீங்களே, அப்பத்தான் எங்கண்ணன் செத்துக்கிட்டு இருந்தான்."

பொத்தானை விட்டாள்.

"உங்க கால்சைன் என்னம்மா?" என்றார் வாத்தியார். உரிமம் உள்ள நிலையத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் அழைப்புக் குறியைத்தான் கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார். "உரிமம் இல்லாதவங்க மைக்கைத் தொடுறது குத்தம்மா. அவருக்குத்தான் பிரச்சினை வரும். மத்தபடி சிக்னல் நல்லா இருக்கு. அஞ்சு ஒன்பது. துளி இரைச்சல் இல்ல."

அஞ்சு ஒன்பது என்பது அவர்கள் கொடுக்கும் முழு மார்க். கணவன் வாசற்படியில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தான். ஓங்கி அறைவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மைக்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, மன்னிக்கணும், அதிர்ச்சியில வீட்டம்மாவுக்கு மனசு சரியில்ல, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்றான். பாவம், பாவம், உங்க பொறுமை யாருக்கு வரும் என்று ஒவ்வொரு குரலாகச் சொன்னது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்று அவளுக்குக் கையைக் காட்டினான்.

அவள் கதவைச் சாத்தினாள். முன்னறைக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். சாக்கட்டிக்கும் இஞ்சு டேப்புக்கும் நடுவில் பையில் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டினாள். ஃபேன் நின்றது. உள்ளே ஸ்பீக்கரும் நின்றது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காலால் மிதிக்கிற மெஷினுக்கு மின்சாரம் வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

அவன் வந்தான். முதலில் கத்தினான். பிறகு, வேறு கட்டை நாளைக்கு வாங்கிவிடுவேன், தெரியுமா என்றான். அவளுக்குத் தெரியும். பிறகு குரலைத் தழைத்து, எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன நினைப்பார்கள் என்றான். கடைசியில் கையை நீட்டினான்.

"கட்டையைக் கொடு."

அவள் நீலத் துணியின் ஓரத்தை மடித்து ஊசிக்குக் கீழே தள்ளினாள்.

"எங்கண்ணன் வந்து அவன் வாயால சொல்லட்டும், கொடுக்கிறேன்."